கழிவறையில் விழுந்தவர்

2041 மார்ச் 14, வியாழக்கிழமை. மணலோடை நகரக் காவல் நிலையத்தின் கீழ்த்தளக் கழிவறையில் காலை 11 மணி 12 நிமிடத்துக்கு ஒருவர் விழுந்ததாகத் தரை பதிவு செய்தது. 108 ஆம்புலன்ஸ் 11.21க்கு வந்து சேர்ந்தது.

அந்தத் தரை முதியோர் இல்லங்களுக்காகச் செய்யப்பட்டது. தரை ஓடுகளின் அடியில் எடையை உணரும் மெல்லிய படலம் இருக்கும். ஓர் உடல் முழுவதுமாக அதன் மேல் இருபது வினாடி கிடந்தால், யாரையும் கேட்காமல் அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடும். 2037இல் மாநிலத்தின் எல்லாக் காவல் நிலையக் கழிவறைகளிலும் இதைப் பதித்தார்கள். காரணம் கோப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் காவல் நிலையக் கழிவறைகளில் 1,137 பேர் வழுக்கி விழுந்திருந்தார்கள். சிலருக்குக் கை முறிந்தது, சிலருக்குக் கால், சிலருக்கு இரண்டும். அத்தனை பேரும் விசாரணைக்காக அழைத்து வரப்பட்டவர்கள். அதே கழிவறைகளைத் தினமும் பயன்படுத்திய காவலர்களில் ஒருவர்கூட வழுக்கவில்லை.

ஓடு பதித்த பிறகு கழிவறையில் யாரும் விழவில்லை. திட்டம் முழு வெற்றி என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். அதே ஆண்டிலிருந்து விசாரணைக் கைதிகள் பாலத்திலிருந்து குதிக்கத் தொடங்கினார்கள். மாடிப்படியில் இடறினார்கள். பாலத்துக்கு ஓடு பதிக்கும் யோசனை யாரிடமும் இல்லை.

ஆகவே மார்ச் 14 அன்று பதிவானதுதான் அந்த மாவட்டத்தில் நான்கு ஆண்டுகளில் தரை கண்ட முதல் விழுகை.

ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவர் பெயர் இசக்கிராஜா, வயது முப்பத்தொன்று. ஊருக்கு வெளியே இருக்கும் சூரிய மின்பண்ணையில், பலகைகளைத் துடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பண்ணையில் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. முந்தின நாள் மாலை, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அவர் வந்தபோது வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. வீக்கம் ரத்த ஓட்டத்தை அடைத்து விரல்கள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. உடனே அறுவை செய்தார்கள்.

அவருடைய அக்கா முப்பிடாதி ரேஷன் கடையில் எடை போடும் வேலை பார்க்கிறவர். கடைக்குத் தானியங்கித் தராசு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் மூட்டையைப் பார்த்தே அவர் எடை சொல்லிவிடுவார். சில சமயம் ஆளைப் பார்த்தும் சொல்லுவார். வரிசையில் நிற்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அவர் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தபோது தம்பியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் ஒரு பெண் தலைமைக் காவலர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஜெபராணி. ரைட்டரம்மா என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். காவலுக்கு அவர்தான் ஆம்புலன்ஸில் கூட வந்திருந்தார்.

“எந்தம்பிய என்ன பண்ணுனிய?” என்று முப்பிடாதி கத்தினார். “உங்க வீட்டுல பிள்ளை இல்லையா? அடிச்ச கையும் எழுதுன கையும் அழுகித்தான் போவும், பாத்துக்கோங்க!”

ஜெபராணி மருத்துவமனைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் திரும்பினார். அவருடைய காக்கிச் சட்டையின் முதுகு தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. மார்ச் வெயிலுக்கு வேர்வைதான் என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மருத்துவர் வந்து, கை தப்பியது என்றார். இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் முழங்கைக்குக் கீழே எடுத்திருப்போம் என்றும் சொன்னார்.

இசக்கிராஜா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவதாகச் சொன்னது இது:

“அக்கா, அந்தத் தரைக்கு ஒரு கும்பிடு போடணும்.”

“எந்தத் தரைக்குல?”

“ஸ்டேஷன் பாத்ரூம் தரை. ஆம்புலன்ஸக் கூப்பிட்டது அதானாம். வண்டில வந்த அண்ணன் சொன்னாவ.”

“நீ பாத்ரூம்லயா விழுந்த?”

“நான் பாத்ரூம் பக்கமே போகலக்கா. ராத்திரி பூரா மாடி ரூம்லதான் வச்சிருந்தாவ. கீழ எறக்குனதே வண்டில ஏத்தத்தான்.”

“பெறவு தரை எப்படிக் கூப்பிட்டுச்சு?”

“கெட்டுப் போயிருக்கும்.” அவர் சிரிக்கப் பார்த்து, கை வலிக்கவே நிறுத்திக்கொண்டார். “பத்து வருஷமா கெட்டுப்போன மெஷினச் சரி பண்ணிக்கிட்டுத் திரியுதம்லா. அதுல ஒண்ணு நன்றி காட்டிருக்கு.”

முப்பிடாதி சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற செலின் சிரிக்கவில்லை. அவர் சட்ட உதவி மையம் அனுப்பிய வக்கீல். கையில் இரண்டு தாள் வைத்திருந்தார்.

“அக்கா, இத கேளுங்க. இன்ஸ்பெக்டர் கோர்ட்ல கொடுத்திருக்கிறது. ‘விசாரணையின்போது மேற்படி நபர் கீழ்த்தளக் கழிவறைக்குச் சென்று 11.12 மணிக்கு வழுக்கி விழுந்து காயம் அடைந்தார்.’ கூடவே தரையோட அறிக்கையை இணைச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ் பதிவையும் இணைச்சிருக்காங்க. எல்லாத்துலயும் அதே 11.12.”

“பொய்யிலா அது!”

“பொய்தான். இத்தனை வருஷம் வழுக்கி விழுந்தான்னு அவங்க சொல்லும்போது சாட்சி கிடையாது. இப்ப தரையே சாட்சி. கேமரா அன்னைக்கு வேலை செய்யலையாம்.”

“என்னைக்கு வேலை செஞ்சுது?” என்றார் இசக்கிராஜா.

“அடிச்சாங்கன்னு நாம சொல்றதுக்கு உங்க வாய் மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணு.” செலின் இரண்டாவது தாளைப் புரட்டினார். “திருட்டை ஒத்துக்கிட்டதா உங்க இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கியிருக்காங்க. கம்பிய எங்க வச்சிருக்கீங்கன்னு கண்டுபிடிக்கணுமாம். டிஸ்சார்ஜ் ஆனதும் மூணு நாள் போலீஸ் காவல் வேணும்னு மனு போட்டிருக்காங்க. இருபத்தெட்டாம் தேதி விசாரணை.”

இசக்கிராஜா தன்னுடைய இடது கையைப் பார்த்தார்.

“திரும்ப அந்த மாடிக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தரை ஓடு பதிக்கும் திட்டத்தை எழுதிய பொறியாளர் ஞானசிகாமணி. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்று பாளையங்கோட்டையில் இருந்தார். செலின் அவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார். முப்பிடாதி கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டார்.

“எனக்குச் சுகர் இருக்கும்மா,” என்றார் பொறியாளர். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “எதுக்கு இதெல்லாம்?”

“நீங்க போட்ட தரையாலதான் எந்தம்பிக்குக் கை இருக்குய்யா. அதுக்குத்தான்.”

அவர் கொஞ்ச நேரம் மிட்டாயை மென்றுகொண்டிருந்தார். “அந்தத் தரைக்காக என்னை ஆபீஸ்ல எப்படிக் கேலி பண்ணுனாவ தெரியுமா? ‘வழுக்கு ஞானம்’னு பேரு வச்சாவ. ரிட்டயர்மென்ட் அன்னைக்கு எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு பரிசாக் கொடுத்தாவ. நன்றின்னு சொல்லிக்கிட்டு வந்த மொத ஆளு நீதான்.”

“சார், தப்பா நினைக்காதீங்க,” என்றார் செலின். “அந்த ஆயிரத்து நூத்தி முப்பத்தேழு பேரும் நெசமாவே வழுக்கி விழுந்தாங்கன்னு நம்புனீங்களா?”

“கோப்புல அப்படித்தான் இருந்தது. எல்லாத்துக்கும் கீழ பெரிய அதிகாரிங்க கையெழுத்து. பொய்யின்னு நான் எழுதலாமா? எழுதுனா கோப்பு திரும்பி வராது. நெசம்னு எடுத்துக்கிட்டேன். நெசம்னா தரை மோசம். தரை மோசம்னா மாத்தணும். இத எவன் மறுப்பான்? மறுக்கணும்னா யாரும் வழுக்கலைன்னு ஒத்துக்கிடணும்லா. மூணே வாரத்துல அனுமதி வந்துட்டு.”

அவர் இன்னொரு மிட்டாயை எடுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி இருமினார். மிட்டாயைத் திரும்ப வைத்துவிட்டார்.

“சரி சார். இப்ப எங்க பிரச்சினையைச் சொல்லிடறேன். இவங்க தம்பி பாத்ரூமுக்குப் போகவே இல்லை. தரை தப்பாக் கூப்பிட வாய்ப்பு உண்டா?”

“கிடையாது.”

“கெட்டுப் போயிருந்தா?”

“கெட்டுப் போனா கூப்பிடாது. தப்பாக் கூப்பிடாது. வாளி கவுந்தா கூப்பிடாது, பூனை குதிச்சா கூப்பிடாது. ஓர் ஆளு கெடக்கணும். இருபது செகண்டுக்கு மேல கெடக்கணும்.”

“அப்ப யாரோ விழுந்திருக்காவ,” என்றார் முப்பிடாதி.

“யாரோ விழுந்திருக்காவ.”

“யாருன்னு தரைக்குத் தெரியாதா?”

“பேரு தெரியாது. எடை தெரியும்.”

செலின் தன் பையிலிருந்து போலீஸ் கொடுத்த அறிக்கையை எடுத்துக் காட்டினார். ஒரே பக்கம். தேதி, நேரம், இடம். ‘விழுந்தாரா: ஆம்.’ எடை என்று எதுவும் இல்லை.

“அதுல இருக்காது. ஒரு பக்கத்துல முடியணும்னு அந்தப் படிவத்தை நான்தான் சுருக்குனேன். போலீஸுக்குப் படிக்கச் சுளுவா இருக்கும்னு நெனச்சேன். என் புத்திய என்ன சொல்ல?” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “ஆனா முழுப் பதிவு எங்கயும் போகாது. பராமரிக்கிற கம்பெனிகிட்ட அஞ்சு வருஷத்துக்கு இருக்கும். கோர்ட் கேட்டாக் கொடுத்தாகணும்.”

“எந்தம்பி அம்பத்தி நாலு கிலோ,” என்றார் முப்பிடாதி. “போன மாசம்தான் கடையில நிறுத்தேன்.”

நடுவர் நீதிமன்றம் கேட்டது. முழுப் பதிவு மார்ச் 25 அன்று வந்தது. நான்கு பக்கம், எல்லாம் எண்கள். செலினின் அலுவலகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. அங்கே பொறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாள்களைக் கிட்டே பிடித்துப் படித்தார்.

“எழுபத்தி மூணு கிலோ இருநூறு.”

“அப்ப இவன் இல்ல!” என்று முப்பிடாதி எழுந்துவிட்டார்.

“பொறும்மா. இது வேற மாதிரி இருக்கு.” அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். “வழுக்குனா குதிகால் முதல்ல இழுக்கும், பெறவு இடுப்பு வந்து மோதும். இங்க அப்படி இல்ல. ஒரு முழங்கால். பெறவு இன்னொரு முழங்கால். ஒரு உள்ளங்கை. பெறவு மெதுவா முதுகு. இது விழுகை இல்ல. யாரோ நிதானமா மல்லாக்கப் படுத்திருக்காவ. அம்பத்தெட்டு செகண்டு படுத்துக் கெடந்துட்டு எந்திச்சுப் போயிருக்காவ.”

“படுத்தாங்களா?” என்றார் செலின். “ஸ்டேஷன் பாத்ரூம்லயா?”

“தரைக்கு என்ன தெரியும்? விழுந்தாலும் படுத்தாலும் அதுக்கு ஒண்ணுதான். ஆளு கெடந்தாக் கூப்பிடும்.”

கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. முப்பிடாதி திரும்ப உட்கார்ந்திருந்தார். அவசரப் பிரிவு வாசலில் பதிவேட்டின் மேல் குனிந்த ஒரு முதுகு அவர் கண்முன் வந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்த காக்கி. அக்குளில் வேர்வை இல்லை. முதுகில் மட்டும் ஈரம்.

“எழுபத்தி மூணுதான் இருப்பாவ,” என்றார் மெதுவாக.

“யாரு?”

“ரைட்டரம்மா.”

அந்த ஈர முதுகைப் பற்றி முப்பிடாதி சொல்லி முடித்ததும் செலின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எடை மட்டும் இருந்தா, தரை தப்பா எடை போட்டுருச்சும்பாங்க. படுத்த ஆளே வந்து நான்தான்னு சொன்னா விஷயமே வேற. ஆனா அக்கா, அவங்க சொன்னா வேலை போகலாம். கூண்டுல ஏறி அவங்க இன்ஸ்பெக்டருக்கு எதிராவே பேசணும். சொல்லுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க.”

“நான் சாட்சி கேக்கப் போகல,” என்றார் முப்பிடாதி. “எனக்கு அவ்வொகிட்ட வேற வேலை இருக்கு.”

காவலர் குடியிருப்பு மொட்டைமாடியில் ஜெபராணி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு உடையில் ஆள் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். வந்தவரை அடையாளம் கண்டுகொண்டதும், கொடியிலிருந்த சட்டையைப் பிடித்தபடி நின்றார்.

“உங்க கை அழுகணும்னு அன்னைக்குச் சொன்னேன்,” என்றார் முப்பிடாதி.

“சொன்னீங்க. நெறைய பேரு சொல்லிருக்காவ.”

“அதத் திரும்ப எடுத்துக்கிட வந்தேன்.”

ஜெபராணி சட்டையை மடிக்கத் தொடங்கினார். ஒருமுறை மடித்துவிட்டு, சரியில்லை என்று உதறி மறுபடி மடித்தார். “நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான். இதுல பேச என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. எந்தம்பிக்குக் கை இருக்கு. விரல் அசையுது. நேத்து டம்ளர் பிடிச்சு அவனா காப்பி குடிச்சான். பாதியக் கீழ கொட்டிட்டான். ஆனாலும் அவனாக் குடிச்சான். அத உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“வலது கையாலயா?”

“வலது கையாலதான்.”

ஜெபராணி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்தார்.

“பத்தொம்பது வருஷம் ரைட்டர் வேலை பாக்கேன். ‘கழிவறையில் வழுக்கி விழுந்து’ன்னு இந்தக் கையால நாப்பத்தி மூணு தடவை எழுதிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பேரு, தேதி, எந்தக் கை, எந்தக் கால்னு ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். எதுக்குக் குறிச்சேன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. ஓடு போட்ட பெறவு பாலத்துல இருந்து குதிச்சான்னு எழுதச் சொன்னாவ. அதையும் எழுதுனேன்.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கும் எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். மாடில சத்தம் கேக்குத வரைக்கும் எழுதிக்கிட்டேதான் இருந்தேன். பெறவு சத்தம் நின்னு போச்சு. ரைட்டருக்கு அதான் பயம். ஏழு வருஷத்துக்கு முன்னால ஒருக்கா அப்படி நின்னப்ப நான் பேனாவக் கீழ வைக்கல. அந்தப் பையன் பேரு நோட்டுல முப்பத்தஞ்சாவது.”

முப்பிடாதி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“மாடில விசாரணைன்னா எங்க செல்போனெல்லாம் வாங்கி அலமாரில பூட்டிருவாவ. ஸ்டேஷன் போன்ல கூப்பிட்டா யாரு கூப்பிட்டான்னு பதிவாயிரும். என்ன செய்யன்னு பாத்ரூம்ல போயி முகத்தக் கழுவுனேன். கீழ தரையப் பாத்தேன். தரையப் பூட்ட முடியாதுலா.”

“படுத்துட்டிய.”

“ஒரே ஈரம். நாத்தம் வேற. எம்மா, அம்பது வயசுல யூனிபார்மோட போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்ல மல்லாந்து கெடக்கேன். யாராவது கதவத் தட்டிட்டா என்ன சொல்லன்னு அதுவேற ஒரு யோசன.” அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முப்பிடாதியும் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் ஜெபராணி தொடர்ந்தார்.

“ஆம்புலன்ஸ் வந்தா வெளியாளு உள்ள வருவான், அடி நிக்கும், அவ்வளவுதான் என் கணக்கு. ஆம்புலன்ஸ்காரத் தம்பி வந்து ‘பாத்ரூம்ல விழுந்தது யாரு, ஆளப் பாக்காம நாங்க போக முடியாது’ன்னான். நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தான் ஒறைச்சுது. நான்தான்னு சொன்னா என்னை ஏத்திக்கிட்டுப் போயிருவான், உங்க தம்பி மேலயே கெடப்பான். பேசாம இன்ஸ்பெக்டர் ஐயா மூஞ்சியப் பாத்தேன். ஐயாவுக்கு ஒண்ணும் புரியல. பாத்ரூம்ல யாரும் விழலியேன்னு முழிச்சாவ. பெறவு அந்தப் பழைய வாக்கியம் தானா வாயில வந்துட்டு. ‘அக்யூஸ்ட்தான் வழுக்கி விழுந்துட்டான்’னாவ. சரி, எங்க அக்யூஸ்ட்னு அந்தத் தம்பி கேட்டான். மாடில இருந்து எறக்கித்தான் ஆகணும்.”

வெயில் இறங்கியிருந்தது. முப்பிடாதி பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துத் துணிகளின் மேல் வைத்தார். பிறகு ஜெபராணியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயே, என்ன இது! எந்திங்க, யாராவது பாப்பாவ.”

“பாக்கட்டும்.”

படியில் இறங்கப் போனவரை ஜெபராணி கூப்பிட்டார். “கோர்ட்டுக்கு வருவியளான்னு நீங்க கேக்கலியே?”

“கேக்க மாட்டேன். நீங்க செஞ்சது போதும்.”

இருபத்தெட்டாம் தேதி நீதிமன்றத்தில் கூட்டம் அதிகம் இல்லை. இசக்கிராஜா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் எடையைப் பற்றிச் சாட்சி சொன்னார். அரசு வக்கீல் அவரிடம் இரண்டே கேள்வி கேட்டார். ஓடு பதித்து நான்கு வருடம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. அதன்பிறகு அதன் எடைக் கணக்கை யாராவது சரி பார்த்தார்களா? இல்லை. அரசு வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

செலின் அடுத்த ஆவணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜெபராணி சீருடையில் வந்திருந்தார். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது.

“ஐயா, நான் கொஞ்சம் சொல்லணும்,” என்றார் நடுவரைப் பார்த்து.

முன்வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டர் விஜயபாலன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தன் பக்கச் சாட்சியாக வந்திருக்கிறார் என்று நினைத்து, லேசாகத் தலையசைத்தார்.

நடுவர் அனுமதித்தார். சத்தியப் பிரமாணம் முடிந்தது. நடந்ததை ஜெபராணி சொல்லச் சொல்ல அரசு வக்கீல் மூன்று முறை எழுந்து ஆட்சேபித்தார். கடைசியில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

“அன்று காலை கழிவறையில் நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள். அதை இப்போது கதையாக மாற்றிச் சொல்கிறீர்கள். சரிதானே?”

“இல்லய்யா. நான் விழல. படுத்தேன்.”

“பத்தொன்பது வருட அனுபவம் உள்ள ஒரு தலைமைக் காவலர், பணி நேரத்தில், காவல் நிலையக் கழிவறையில் எதற்காகப் படுக்க வேண்டும்?”

“வேற எங்க படுத்தாலும் ஆம்புலன்ஸ் வராதுய்யா.”

யாரோ சிரித்தார்கள். நடுவர் தலையை நிமிர்த்தவும் சிரிப்பு நின்றது.

“பொது நாட்குறிப்பில் ‘விசாரணை நபர் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருப்பது உங்கள் கையெழுத்தா?”

“என் கையெழுத்துதான். பொய்யா எழுதுனேன். இது மட்டும் இல்ல.” அவர் நோட்டை எழுத்தரிடம் கொடுத்தார். “இதுல நாப்பத்தி மூணு பேரு இருக்காவ. எல்லாம் இதே கையெழுத்துதான்.”

நடுவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தைப் படித்தார். மின்விசிறியில் தாள்கள் படபடத்தன. அவர் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும்வரை நீதிமன்றம் காத்திருந்தது. பிறகு நீதிமன்ற வளாகத்திலிருந்த எடைபார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜெபராணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். முப்பிடாதி எட்டிப் பார்க்கவில்லை. எழுபத்து மூன்று கிலோ நூறு.

அக்கா பக்கத்திலிருந்து இசக்கிராஜா எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று எழுத்தர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஜெபராணி இறங்கித் தன் செருப்பைப் போட்டு முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

போலீஸ் காவல் கேட்ட மனு அன்று மாலை தள்ளுபடி ஆனது. இசக்கிராஜா சொந்த ஜாமீனில் வீட்டுக்குப் போனார். திருட்டு வழக்கு ஜூன் மாதம் முடித்து வைக்கப்பட்டது. இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, அவர்கள் மீது வழக்குப் பதிவானது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. நோட்டிலிருந்த நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தாறு பேரைக் கண்டுபிடித்து வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தைந்தாவது பெயருக்கு உரியவரின் தாய் வந்து வாக்குமூலம் கொடுத்தார்.

பொய்யாகப் பதிவு எழுதியதற்கும், மருத்துவத் தேவை இல்லாமல் அவசர ஊர்தியை வரவழைத்ததற்கும் ஜெபராணிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. இரண்டையும் அவர் ஒப்புக்கொண்டார். கடற்கரையோரம் இருக்கும் வேறொரு காவல் நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். அங்கும் ரைட்டர் வேலைதான். அந்த நிலையத்தின் கழிவறையிலும் அதே ஓடு பதிக்கப்பட்டிருக்கிறது.